பால்வாடியில் டீச்சருக்கு எத்தனை நிமிடம்?

திருப்பூரில் ஏதாவது ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் நாள் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 3,000 பீஸ் ஆர்டர் என்றால் இன்ஸ்பெக்டர் 125 பீஸ் எடுப்பார். எந்தப் பெட்டியைத் திறப்பது என்பதை அவரேதான் முடிவு செய்வார், நாம் எடுத்துக் கொடுத்தால் வாங்க மாட்டார். ஏ.க்யூ.எல். 2.5 கணக்கில் பெரிய குறை ஏழு வரை இருந்தால் பாஸ், எட்டாவது கிடைத்தால் ஃபெயில். ஆறு மாதம் முன்பு பையருக்கு அனுப்பின அப்ரூவல் சாம்பிள் எவ்வளவு அழகாக இருந்தது என்று அன்றைக்கு யாரும் பேச மாட்டார்கள். அது சாம்பிள் ரூமில் இருக்கிற நல்ல டெய்லர் நிதானமாக உட்கார்ந்து தைத்தது. லைனில் ஓடியது வேறு.

பதினோரு வருஷமாக இந்தக் குவாலிட்டி வேலையைப் பார்க்கிற நான், என் மகளுக்குப் பள்ளி தேடிப் போனபோது மட்டும் அப்ரூவல் சாம்பிளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அது ஒரு தனியார் நர்சரி. வாசலில் பொம்மை, சுவரெல்லாம் படம், பெரிய டி.வி. ஒரு குட்டிப் பையனை எழுப்பி நிற்க வைத்து 'ஏ ஃபார் ஆப்பிள்' சொல்ல வைத்தார்கள், இசட் வரைக்கும் சொன்னான். வருஷத்துக்கு 38,000 ரூபாய், வேன் தனி. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. அங்கே இருந்த முக்கால் மணி நேரத்தில் எந்தப் பெரியவரும் எந்தக் குழந்தையிடமும் பதில் எதிர்பார்த்து ஒரு கேள்வி கேட்டு நான் பார்க்கவில்லை.

எனக்கு அது ஏன் முக்கியம் என்றால், பாப்பாவுக்கு அப்போது மூன்று வயது இரண்டு மாதம். இரண்டு சொல்லுக்கு மேல் சேர்த்துப் பேச மாட்டாள். "பால் வேணும்", "அப்பா வா", அவ்வளவுதான். காது சோதனை செய்தாச்சு, நன்றாகக் கேட்கிறது. குழந்தைகள் டாக்டர் எல்லாம் விசாரித்துவிட்டு, "பகல்ல இவகிட்ட யாரு பேசறாங்க?" என்று கேட்டார். எட்டரைக்கு நானும் அவரும் கிளம்பினால், ஒன்றரை ஷிப்ட் ஓடுகிற நாளில் வீடு திரும்ப ராத்திரி எட்டரை ஆகும். அத்தைக்கு மூட்டுவலி. அவரும் பாப்பாவும் டி.வி.யும்தான் பகல் முழுக்க. அத்தையைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, அவர் இல்லையென்றால் நான் வேலைக்கே போக முடியாது.

பால்வாடியைப் பார்க்கலாம் என்று நான் சொன்னதும் வீட்டில் முதலில் எழுந்த குரல் அத்தையுடையதுதான். "ஏனம்மிணி, ரெண்டு பேரும் சம்பாதிக்கறீங்க, புள்ளைய பால்வாடிக்கா அனுப்புவீங்க? அது சோறு போடற இடமுல்ல?"

அத்தை சொன்னதில் பாதி வரலாற்று உண்மை. அங்கன்வாடி என்று பலகையில் எழுதியிருந்தாலும் நம் பேச்சில் இன்னும் பால்வாடிதான், பாலும் சோறும்தான் அதன் அடையாளம். ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுக்க 33 வட்டாரங்களில் சோதனையாகத் தொடங்கியது. 1980-ல் தமிழ்நாட்டில் உலக வங்கி உதவியோடு தனியாக ஒரு ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு மையங்களில் சோறு கிடைத்தது. எல்லாமே பசியையும் எடையையும் நோக்கி வந்தவை. முன்பருவக் கல்வி ஆரம்பத்திலிருந்தே காகிதத்தில் உண்டு, ஆனால் பந்தியில் கடைசி இலை அதற்குத்தான். இன்று தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். நம் ஊர் வழக்கில் டீச்சர், ஆயா.

அந்த ஒரு டீச்சர் என்னென்ன செய்ய வேண்டும் என்று பட்டியல் போட்டால் தலை சுற்றும். பிள்ளைகளுக்குப் பாட்டு, கதை. மாதாமாதம் எடை, உயரம். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுகிறவர்களுக்கும் சத்துமாவு. வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது. தடுப்பூசி நாளில் நர்ஸுக்குத் துணை. போஷன் டிராக்கர் செயலியில் எல்லாவற்றையும் பதிவு செய்வது. பல ஊர்களில் வாக்காளர் பட்டியல் வேலையும் அவர் தலையில்தான். எங்கள் லைனில் இத்தனை ஆபரேஷனை ஒரே ஆளுக்குக் கொடுத்தால் சூப்பர்வைசரை ஃபேக்டரி மேனேஜர் உள்ளே கூப்பிட்டு விசாரிப்பார்.

இங்கேதான் நான் படித்ததில் என் கண்ணைத் திறந்த ஆய்வு ஒன்று வருகிறது, அதுவும் நம் மாநிலத்திலேயே நடந்தது. கார்த்திக் முரளிதரன், அலெஹாண்ட்ரோ கனிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்த மையங்களுக்கு மட்டும் ஒரு அரை நேரப் பணியாளரைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். அவருக்கு வேலை முன்பருவக் கல்வி மட்டும். புதுக் கட்டடமோ டி.வி.யோ இதில் கிடையாது. ஒன்றரை வருஷம் கழித்துப் பார்த்தபோது, அந்த மையங்களில் பாடம், விளையாட்டு நடக்கிற நேரம் இரண்டு மடங்கு ஆகியிருந்தது. தொடர்ந்து அங்கேயே இருந்த பிள்ளைகள் கணக்கில் 0.29, மொழியில் 0.46 திட்டவிலக்கம் முன்னே இருந்தார்கள். கல்வி ஆய்வுகளில் இது சின்ன எண் இல்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய டீச்சருக்கு ஊட்டச்சத்து வேலைக்கு அவகாசம் கிடைத்ததால் கடுமையான வளர்ச்சிக் குறைபாடும் அங்கே குறைந்திருந்தது.

அதாவது தட்டுப்பாடு நேரத்துக்குத்தான். டீச்சரின் நேரம். ஒரு அங்கன்வாடி நல்லதா என்று கேட்டால், பெயின்ட்டையும் பொம்மையையும் விட்டுவிட்டு, 'அந்த அறையில் ஒரு பெரியவர் ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் பிள்ளைகளோடு மட்டும் இருக்கிறார்?' என்றுதான் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன். இதை அளக்கலாம். அளக்கிறதுதானே என் பிழைப்பு.

அளக்கும் கருவி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஹார்ம்ஸ், கிளிஃபர்ட் இருவரும் 1980-ல் வெளியிட்ட ஒரு மதிப்பீட்டு அளவுகோல், முன்பருவப் பள்ளியின் ஒவ்வொரு அம்சத்துக்கும் ஒன்றிலிருந்து ஏழு வரை மதிப்பெண் போடும். அதே எண்ணத்தில், நம் ஊர்ப் பாய், தட்டு, மரத்தடிக்கு ஏற்ற மாதிரி 1990-களில் சென்னையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் தமிழ்நாட்டுக்கென்றே ஒரு அளவுகோல் செய்தார்கள். டெக்கர்ஸ் என்று பெயர். அங்கே இந்தத் துறைக்கு முதுகெலும்பாக இருந்த மீனா சுவாமிநாதன்தான், 1972-ல் வந்த முன்பருவக் குழந்தைகள் பற்றிய அரசுக் குழு அறிக்கைக்கும் தலைமை தாங்கியவர். அங்கன்வாடித் திட்டத்தின் சிந்தனையில் அந்த அறிக்கைக்கும் பங்கு உண்டு. ஒரு மையத்தை எப்படிப் பார்ப்பது என்று தமிழ்நாட்டில் அத்தனை வருஷம் முன்பே யோசித்திருக்கிறார்கள் என்பது எனக்கே சந்தோஷமாக இருந்தது.

ஆனால் அந்த அளவுகோலெல்லாம் பயிற்சி பெற்றவர்களுக்கு. என் மாதிரி அம்மாவுக்கு இன்னும் எளிதாக ஒன்று வேண்டும். 1970-களில் ஜேன் ஸ்டாலிங்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறையைப் பார்க்க ஒரு முறை செய்தார். குறிப்பிட்ட இடைவெளியில் சுற்றும் ஒரு பார்வை பார்த்து, அந்த நொடியில் ஆசிரியர் என்ன செய்கிறார், பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று குறித்துக்கொள்வது. உலக வங்கி இதைப் பல நாடுகளில் பயன்படுத்தியது. நான் இதைச் சின்னதாக்கிக்கொண்டேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் தலை நிமிர்ந்து பார். டீச்சரோ ஆயாவோ பிள்ளைகளோடு இருந்தால் ஒரு கோடு. வேறு வேலையில் இருந்தால் புள்ளி. யாருமே அறையில் இல்லை என்றால் பெருக்கல் குறி. இரண்டு மணி நேரத்துக்கு 24 குறி. அவ்வளவுதான், நோட்டில் ஒரு வரி.

எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு மையம், வண்டியில் பத்து நிமிட தூரத்தில் ஒன்றியப் பள்ளி வளாகத்துக்குள் இன்னொரு மையம். இரண்டையும் பார்த்தேன்.

பக்கத்து மையம் புதுக் கட்டடம். முதல் முறை சொல்லிவிட்டுப் போனேன், அன்றைக்கு எல்லாம் ஜோர். 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற அரசுப் பாடத்திட்டப்படி அந்த மாதத் தலைப்புக்குப் படங்கள் தொங்கின, பிள்ளைகள் வட்டமாக நின்று பாடினார்கள். 24-ல் 15 கோடு. மனசுக்குள் இடம் பிடித்தாச்சு. அடுத்த செவ்வாய்க்கிழமை சொல்லாமல் போனேன். 24-ல் 4 கோடு. டீச்சர் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம். அவர் ஒரு நிமிடம் சும்மா உட்காரவில்லை. சத்துமாவு வாங்க இரண்டு பேர் வந்தார்கள். ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் பதிவில் ஆதார் எண் ஏறவில்லை, செயலி சுற்றிக்கொண்டே இருந்தது, டவர் கிடைக்கிற இடம் தேடி அவர் வாசலுக்குப் போனார். பிறகு பேசும்போதுதான் விஷயமே தெரிந்தது. பக்கத்து ஏரியா மையத்தில் பணியிடம் காலி, அதற்கும் இவரேதான் கூடுதல் பொறுப்பு. வாரத்தில் சில நாள் பாதி நேரம் அங்கே போய்விடுகிறார்.

அதனால் இப்போது யாராவது என்னிடம் கேட்டால் முதலில் சொல்லும் கேள்வி இதுதான்: "டீச்சர், நீங்க இந்த ஒரு சென்டருக்கு மட்டுமுங்களா?" இந்த ஒரு பதில், சுவரில் இருக்கிற எந்தச் சித்திரத்தையும் விட அதிகம் சொல்லும். ஆயா பணியிடம் நிரப்பியிருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. ஆயா இல்லாவிட்டால் அடுப்பும் டீச்சர் தலையில்.

ஒரு சின்ன விஷயம், இதையும் சொல்லிவிடுகிறேன். நோட்டோடு போய் உட்கார்ந்ததும் டீச்சர் முகம் வாடிவிட்டது. "நீங்க சி.டி.பி.ஓ. ஆபீசுங்களா?" என்றார். "இல்லைங்க டீச்சர், பாப்பாவைச் சேர்க்கலாம்னு இருக்கேன், ஒரு காலை உட்கார்ந்து பார்த்துக்கட்டுங்களா?" என்று கேட்டபிறகுதான் சிரித்தார். அனுமதி கேட்க வேண்டும். போட்டோ எடுக்கக் கூடாது. மேலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் அவர்களைக் கேள்விதான் கேட்கிறார்கள், நாமும் போய் இன்னொரு இன்ஸ்பெக்டர் ஆகிவிடக் கூடாது.

இரண்டாவது மையம் பழைய கட்டடம், ஓரத்தில் காரை பெயர்ந்திருக்கும். அங்கேயும் இரண்டு முறை போனேன், ஒருமுறை சொல்லி, ஒருமுறை சொல்லாமல். கோடுகள் 13, 11. அதிகமில்லைதான், ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் குறைவு. சாம்பிளும் புரொடக்‌ஷனும் கிட்டத்தட்ட ஒன்று. அந்த 11-லும் பாதிக்கு மேல் ஆயாவால் வந்தது. கீரை ஆய்ந்துகொண்டே அவர் பேசிக்கொண்டிருந்தார். "இது என்ன கீரை சாமி? உங்க வீட்ல யாரு கீரை பண்ணுவா? அம்மாவா, ஆத்தாவா? ஆத்தாளுக்குப் பல்லு இருக்குதா?" ஒரு பிள்ளை, "ரெண்டு பல்லு" என்றது. எல்லாரும் சிரித்தார்கள். பெட்டி நிறைய பட்டன், பனியன் கம்பெனி வேஸ்ட் துணித் துண்டுகள். அதை நிறம் நிறமாகப் பிரித்து அடுக்குவதுதான் விளையாட்டு. பக்கத்து கம்பெனி செக்கிங்கில் வேலை பார்க்கும் ஒரு அம்மா கொண்டுவந்து கொடுத்ததாம்.

பேச்சு ஒரு பக்கமாகப் போய்விட்டுத் திரும்பி வராமல் இருப்பது வேறு, போய்த் திரும்புவது வேறு. 2018-ல் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஆய்வாளர்கள், நாலிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்து பார்த்தார்கள். பிள்ளை காதில் விழுந்த சொற்களின் எண்ணிக்கையை விட, பெரியவரும் பிள்ளையும் மாறி மாறிப் பேசிய தடவைகள்தான் மொழித் திறனோடும் மூளையின் மொழிப் பகுதி இயங்குவதோடும் அதிகம் ஒத்துப்போனது. சின்ன ஆய்வுதான், சில டஜன் குழந்தைகள். ஆனால் டாக்டர் என்னிடம் கேட்ட கேள்வியும் இதுதான், ஆயா கீரையோடு செய்துகொண்டிருந்ததும் இதுதான். அதனால் என் நோட்டில் கோடுகளுக்குக் கீழே இன்னொரு வரி சேர்ந்தது. கேள்வி போய், பதில் வந்து, மறுபடி பேச்சு போகிறதா? அப்படி எத்தனை? கீரை ஆய்ந்த அந்த இருபது நிமிடத்தில் ஒன்பது எண்ணினேன். தனியார் நர்சரியில் முக்கால் மணி நேரத்தில் பூஜ்யம்.

"அப்போ இங்கிலீஷ்?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான், திருப்பூரில் மூன்றரை வயதில் எல்.கே.ஜி. சேர்க்காத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அரசும் இதைப் பார்த்துத்தான் 2019 ஜனவரியில் பள்ளி வளாகத்துக்குள் இருக்கும் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களை மாற்றி அனுப்பினார்கள். 2022-ல் அவர்களைத் திரும்ப எடுத்து, வகுப்பையே மூடப்போவதாகச் சேதி வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் தற்காலிக ஆசிரியர்களோடு தொடர்ந்தது. அப்படி ஒரு வகுப்பு உங்கள் பக்கத்தில் இருந்தால், ஆசிரியர் இப்போது இருக்கிறாரா என்று நேரில் போய்ப் பாருங்கள், பலகையை நம்ப வேண்டாம்.

மூன்று வயதில் எழுத்துப் பயிற்சி நடக்கவில்லையே என்ற கவலைக்கு வருகிறேன். அம்பேத்கர் பல்கலைக்கழகமும் அசர் மையமும் சேர்ந்து அசாம், ராஜஸ்தான், தெலங்கானா மாநிலங்களில் சுமார் 14,000 பிள்ளைகளை நாலு வயதிலிருந்து எட்டு வயது வரை பின்தொடர்ந்தார்கள். அறிக்கை 2017-ல் வந்தது. அங்கே தனியார் முன்பருவப் பள்ளிகள் பெரும்பாலும் ஒன்றாம் வகுப்பைக் கீழே இழுத்து வைத்த மாதிரிதான் இருந்தன. எழுது, ஒப்பி, உட்கார். அரசு அங்கன்வாடிகளில் பலவற்றில் எழுத்தும் இல்லை, சரியான விளையாட்டும் இல்லை. இரண்டு பக்கமும் பெருமைப்பட ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்குப் பலன் தந்தது, திட்டமிட்ட விளையாட்டும் பேச்சும் பொருள்களும் இருந்த இடங்கள்தான்.

அரசு நடத்தினால் நல்லது, அனுப்பினாலே போதும் என்று நினைக்கிறவர்களுக்கும் ஒரு கசப்பு மருந்து இருக்கிறது. அமெரிக்காவில் டென்னிசி மாநில அரசு முன்பருவப் பள்ளிகளில் இடத்துக்குக் குலுக்கல் போட்டபோது, இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் வருஷக்கணக்கில் ஒப்பிட்டார்கள். கிட்டத்தட்ட 3,000 பிள்ளைகள். 2022-ல் ஆறாம் வகுப்பு முடிவுகள் வந்தபோது, இடம் கிடைத்த பிள்ளைகள்தான் தேர்விலும் ஒழுங்கிலும் பின்தங்கியிருந்தார்கள். அங்கே கட்டடமும் பட்டம் பெற்ற ஆசிரியரும் இருந்தும் அப்படி. எனவே எந்தப் பலகை மாட்டியிருந்தாலும் உள்ளே போய் உட்கார்ந்து பார்க்காமல் முடிவு செய்ய வழியில்லை.

சாப்பாட்டைப் பற்றி அத்தைக்காகவே விசாரித்தேன். 2013-ல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, மூன்றிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைக்கு மையத்தில் ஒரு நாளைக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். முட்டை நாளன்று போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். முட்டையும் பிள்ளைகளும் ஒரே எண்ணிக்கையா, டீச்சர் அங்கேயே உரித்துக் கொடுக்கிறாரா, வீட்டுக்குக் கட்டிப் போகிறதா. எடைப் பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி சரியாக மூன்று வயதுப் பெண் குழந்தையின் நடு எடை 13.9 கிலோ, 10.8-க்குக் கீழே போனால் எடைக் குறைவு. பாப்பா அன்றைக்கு அங்கே நின்றபோது 11.6. பெரிய கவலைக்கு இடமில்லை, ஆனால் நான் நினைத்துக்கொண்டிருந்ததை விடக் கோடு கிட்டத்தில் இருந்தது. நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது பெரும்பாலும் பிஸ்கட். பதிவேட்டில் எல்லாப் பிள்ளைக்கும் மாதம் தவறாமல் சரியாக இருநூறு கிராம் ஏறியிருந்தால், அது தராசில் நிறுத்து எழுதினதில்லை. கம்பெனியில் செக்கிங் ரிப்போர்ட்டையும் நான் அப்படித்தான் பிடிப்பேன்.

சமையல் இடத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சமையல் கூடத்துத் தீ கூரை வழியாக வகுப்பறைக்கு வந்து 94 பிள்ளைகள் போனதை மறக்க முடியாது. அடுப்புக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே சுவரும் கதவும் இருக்கிறதா, சிலிண்டர் எங்கே, வெளியே ஓட இன்னொரு வழி உண்டா. தண்ணீரும் அப்படித்தான். சாயத்தொழில் ஊரில் 'நல்ல தண்ணி' எது, போர்வெல் 'உப்புத் தண்ணி' எது என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். குடிக்கிற குடத்தில் எது இருக்கிறது, நல்ல தண்ணி வராத நாளில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். கழிப்பறைக் கதவைத் திறந்து பார்த்தேன். வாளியில் தண்ணீர் இருந்தது, போதும்.

இரண்டாவது மையத்தில் இருந்த இருபது சொச்சம் பிள்ளைகளில் ஏழெட்டுப் பேர் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள். தாய்மொழியே தடுமாறுகிற பிள்ளையை மூன்று மொழிக்கு நடுவில் விடலாமா என்று பயந்தேன். பார்த்தபோது பயம் பாதி குறைந்தது. அந்தப் பிள்ளைகளுக்காகவே ஆயா எல்லாவற்றையும் கையைக் காட்டி, பொருளைத் தூக்கிக் காட்டி, மெதுவாகத் திருப்பித் திருப்பிச் சொல்கிறார். "தண்ணி. இது தண்ணி. தண்ணி வேணுமா?" என் மகளுக்கும் அதுதான் தேவை. உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர் என்று அங்கே பாகுபாடு கிடையாது, இருக்கவும் கூடாது. 2006 டிசம்பர் 13-ல் உச்ச நீதிமன்றம் ஆறு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைக்கும் இந்தச் சேவை போய்ச் சேர வேண்டும் என்று உத்தரவிட்டது. ஒரு குடியிருப்பில் 40 குழந்தைகள் இருந்து மையம் இல்லையென்றால், கேட்ட மூன்று மாதத்துக்குள் அமைக்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. புதிது புதிதாக லைன் வீடுகள் முளைக்கிற நம் ஊரில் இது எத்தனை பேருக்குத் தெரியும்?

என்னால் தீர்க்க முடியாத கணக்கு ஒன்று மிஞ்சியது. மையம் மூன்றரை வாக்கில் முடிந்துவிடும், ஷிப்ட் ஐந்தரைக்கு. ஒன்றரை ஷிப்ட் நாளில் கேட்கவே வேண்டாம். 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே 50 பெண்களுக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று எழுதினார்கள். 2017 மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் 50 பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனங்களுக்கு அதையே சொன்னது, தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்றும் சேர்த்தது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் காப்பக அறை இருந்தது. பையர் ஆடிட் வருகிற நாளில் மட்டும் தொட்டில் கட்டுவார்கள். மற்ற நாளில் அதில் நூல் கோன் பெட்டிகள் இருக்கும்.

பழைய கட்டடத்தில்தான் சேர்த்தோம். காலையில் அவர் வண்டியில் கொண்டுபோய் விடுகிறார். மூன்றரைக்கு அத்தை ஷேர் ஆட்டோவில் போய் அழைத்து வருகிறார், போக வர நாற்பது ரூபாய், கூடவே மூட்டுக்குத் தைலம். முதல் வாரம் பாப்பா அழுதாள். இரண்டாவது வாரம் நான் அரை நாள் லீவ் போட்டுவிட்டுச் சொல்லாமல் போய்ப் பார்த்தேன், 12-க்கு 6 கோடு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அப்படிப் போவதாக வைத்திருக்கிறேன். டீச்சருக்கு இடமாற்றமோ கூடுதல் பொறுப்போ வந்தால் எல்லாக் கணக்கும் மாறும், அப்போது திரும்பப் பார்க்க வேண்டியதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பாப்பா பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, ஆயா பச்சை வெச்சாங்க, நான் மஞ்ச வெச்சேன்" என்றாள். "அப்புறம் யாரு சிவப்பு வெச்சது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "ராஜு அண்ணா. தப்பா வெச்சான்."